பேனா

அவன் பெயர் குவாபேனா.
எங்கட வாய்க்குள் நுழைந்து வெளியே வரும்போது
பேனா மட்டும்தான் மிஞ்சியது.

அரிசி ஆலை உதுமாலெவ்வை ஹாஜியார் பாதிக் காசு,
மிச்சம் கட்டாரிலிருந்து பொடியன்மார் அனுப்பியது.
கானா எங்கே கிடக்கு என்று
ஜெமீல் சேர் சுவர்ப் படத்தில் தொட்டுக் காட்டினார்.
கல்முனை பஸ் நிலையத்தில் ஒற்றைப் பையோடு இறங்கியவன்
மாலையோடு நின்ற எங்களைக் கண்டு
பின்னால் யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று
ஒதுங்கி வழி விட்டான்.

அது கச்சான் காற்றுக் காலம்.
உயர வரும் பந்துக்கு அவன் தலையைக் கொடுப்பான்,
காற்று அதைக் கடல் பக்கம் கொண்டு போய்விடும்.
எங்கட ஆக்கள் அந்த மாதங்களில்
நிலத்தோடு உருட்டித்தான் விளையாடுவார்கள்.
இதை அவனிடம் சொல்ல ஒருத்தருக்கும் இங்கிலீசு போதவில்லை.
றிஸ்லி ஒருநாள் வானத்தைக் காட்டி
"கச்சான்! கச்சான்!" என்று கத்தினான்.
பேனாவுக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் அது,
மைதானத்து வாசலில் சுருளில் விற்கிற கச்சான்.
ஓடி வந்து, பையிலிருந்து ஒரு பிடி அள்ளி
றிஸ்லியின் கையில் வைத்தான்.

மூன்றாவது ஆட்டமும் கோல் இல்லை.
"பேனாவில மை இல்ல!"
முதலில் கத்தியது அஜ்வத்.
சிரித்தது எல்லோரும். நானும்தான்.
மறுகா ஒவ்வொரு ஆட்டத்திலும் அதுவே பாட்டு:
மூடியைக் கழற்றுடா, உதறிப் பாருடா.
அவன் எங்கட பக்கம் திரும்பிக் கைதூக்குவான்,
தன்னைத்தான் உற்சாகப்படுத்துகிறோம் என்று.

உரக்கடைக்கு மேல் அறை. யூரியா மணம்.
சுறாப் புட்டுக் கொடுத்தோம்,
ஒரு விரலால் தொட்டுப் பார்த்து நன்றி சொன்னான்.
சுபைதீன் கடைக் கொப்பியில் ஒரு மாதக் கணக்கு:
பாண், டின்மீன், பாண், டின்மீன், ஒரு பல்பசை.
இராவில் தண்ணீர்த் தாங்கியில் ஏறி நின்று
ஒரே சொல்லைப் பல விதமாகப் போனில் சொல்வான்.
பிள்ளையின் பெயராக இருக்கலாம்.
ஒருத்தரும் கேட்கவில்லை.

அக்கரைப்பற்றோடு இறுதி ஆட்டம்.
கடைசி நிமிடம் பெனால்டி.
குறுக்குக் கம்பத்தில் பட்ட சத்தம்
பாண்டிருப்பு வரை கேட்டிருக்கும்.
வெள்ளைப் பெயின்ற் உதிர்ந்த இடத்தில்
அஞ்சு ரூபாய்க் குற்றியளவு துரு.
ஆறாம் நாள் போனான்.
பஸ் ஏற்ற நானும் ஜெமீல் சேரும் மட்டும்.
செவ்வாய்க்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்கு
அங்கே அப்படித்தான் பெயராம்,
சேர் அன்றைக்குத்தான் சொன்னார்.
அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை.

இப்போது சின்னப் பொடியன்மார்
அந்தத் துருவுக்குக் குறி வைத்து அடிக்கிறார்கள்.
பேனாப்புள்ளி என்கிறார்கள்.
எந்தப் பேனா என்று கேட்டால்
தோளைக் குலுக்குகிறார்கள்.

போன கிழமை தம்மாமிலிருந்து அஜ்வத்தின் குரல்ச்செய்தி:
"இங்க என்ட பேர் ஒருத்தனுக்கும் வராது மச்சான்,
ஸ்ரீலங்கா எண்டுதான் கூப்பிடுறானுகள்.
பேனாட நம்பர் ஆருக்கிட்டயும் இரிக்கா?"
எதுக்கு என்று கேட்டோம். பதில் வரவில்லை.

கழகக் கொப்பியின் பின்னட்டையில் நம்பர் இருந்தது.
இசாவுக்குப் பிறகு நாலு பேர் கூடி எடுத்தோம்.
ஒரு ஆண் குரல். விளங்காத பாஷை.
"பேனா, பேனா" என்றோம்.
அவர் திரும்ப எதையோ கேட்டார்.
றிஸ்லி போனைப் பறித்துக்
"கச்சான்!" என்று கத்தினான்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.
மூச்சு மட்டும் கேட்டது.
மறுகா ரீலோட் முடிந்து போச்சு.